எலிக்குக் குணமானால் நமக்கும் குணமாகுமா? டிபி ஆராய்ச்சியும் விலங்குகளும்

கேள்வி, மார்ச் 2

சுண்டெலிக்கு இயற்கையில் மனித டிபி வருவதில்லை. எலி சளி துப்பாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது "எலியிடம் புதிய மருந்து வெற்றி" என்று செய்தி வரும், அப்புறம் அந்த மருந்தைப் பற்றி மூச்சே இருக்காது. மனித நுரையீரல் செல்களைச் சிப்பில் (உறுப்பு மாதிரி வேலை செய்யும் சிறு கருவி) வளர்க்கிற காலத்தில் இந்த விலங்குகளைக் கொல்வதால் யாருக்கு என்ன லாபம்? துறையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

நான் இருந்திருக்கிறேன். சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தின் விலங்குப் பிரிவில், காசநோய்க் கிருமியோடு, சில வருஷம். இப்போது வேறு வேலை. அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்கவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. சுண்டெலிக்கு மூச்சு வழியாக ஐம்பது, நூறு கிருமி கொடுத்தால் ஒரு மாதத்தில் நுரையீரலில் அது சுமார் பத்து லட்சமாகப் பெருகி, அங்கேயே நின்றுவிடும். எலி பாட்டுக்குத் தின்றுகொண்டு, கூண்டில் ஓடிக்கொண்டு, மாதக்கணக்கில் இருக்கும். அவ்வளவு கிருமியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் அப்படி நடமாட முடியாது. அதைவிட முக்கியமான வித்தியாசம், நம் நுரையீரலில் கிருமியைச் சுற்றி உருவாகும் கிரானுலோமா என்ற செல் கட்டியின் நடுப்பகுதி செத்து, பாலாடைக்கட்டி மாதிரி ஆகி, அது கரைந்து வெளியேறும்போது குழி விழுகிறது. டிபி ஊருக்குப் பரவுவதே அந்தக் குழியிலிருந்துதான். வழக்கமான ஆய்வக எலிகளில், பால்ப்-சி ஆகட்டும் சி57 கருப்பு எலி ஆகட்டும், அந்த நடுப்பகுதிச் சாவும் இல்லை, குழியும் இல்லை.

அப்புறம் ஏன் எலி? மலிவு, சீக்கிரம் பெருகும், ஒரே மாதிரி மரபணு உள்ள நூறு எலி கேட்டால் கிடைக்கும், எந்த மரபணுவை வேண்டுமானாலும் நீக்கிப் பார்க்கலாம். இன்டர்ஃபெரான்-காமா என்ற எதிர்ப்புச் சக்திப் புரதம் இல்லாத எலி டிபியில் மடமடவென்று சாகும் என்று 1993-ல் தெரிந்தது. அந்தப் பாதையில் பிறவிக் குறையுள்ள குழந்தைகள் பிசிஜி தடுப்பூசியில் உள்ள வீரியமற்ற கிருமிக்கே பலியாவதற்கான காரணம் அடுத்த சில வருஷங்களில் புரிந்தது. அந்த இடத்தில் எலி சொன்னது அப்படியே மனிதனுக்கும் பொருந்தியது.

ஆகவே எலி மனிதனா என்று கேட்டால் பதில் சுலபம், இல்லை. எந்த விலங்கிடம் எதைக் கேட்டார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

மார்ச் 3, காலை

ஒருவர் கீழே "காக் கினிப்பன்றியை வைத்துத்தானே கிருமியைக் கண்டுபிடித்தார், நோபலும் வாங்கினார், இதில் என்ன விவாதம்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக்கின் கதையை முழுசாகச் சொல்லுங்கள்.

1882 மார்ச் 24, பெர்லின். நோயாளியின் திசுவிலிருந்து கிருமியைப் பிரித்து, வளர்த்து, கினிப்பன்றிக்குக் கொடுத்து, அதே நோய் வருவதைக் காட்டினார். "இந்த நோய்க்கு இந்தக் கிருமிதான் காரணமா?" என்ற கேள்விக்குக் கினிப்பன்றியைவிடத் தகுந்த சாட்சி அன்று கிடையாது, சில கிருமி போனாலே அதற்கு நோய் வரும்.

எட்டு வருஷம் கழித்து, 1890-ல், அதே பெர்லினில் அதே மனிதர், கினிப்பன்றியில் டிபியைத் தடுத்து நிறுத்தும் பொருள் தன்னிடம் இருக்கிறது என்று அறிவித்தார். அதுதான் டியூபர்குலின். ஐரோப்பா முழுக்க நோயாளிகள் ரயில் ஏறி வந்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட பலருக்கு நோய் முற்றியது, சிலர் செத்தார்கள். மருந்தாகத் தோற்ற அது, தோலில் குத்திப் பார்க்கும் டிபி சோதனையாகத்தான் பிழைத்தது. ஒரே விலங்கு, ஒரே விஞ்ஞானி. முதல் தடவை காரணம் எது என்று கேட்டார், இரண்டாம் தடவை குணமாகுமா என்று கேட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 4, மதியம்

இன்று நேரம் இருக்கிறது, நீளமாக எழுதுகிறேன்.

டிபிக்கு ஆறு மாத மருந்து. ரிஃபாம்பிசின், ஐசோநயசிட், பைரசினமைடு, எத்தாம்புட்டால். என் பெரியப்பா இதைச் சாப்பிட்டபோது கூட இருந்து பார்த்திருக்கிறேன். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்து அவர் பயந்தது, மூட்டு வலி என்று முனகியது, இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் "எனக்குத்தான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு" என்று மாத்திரையை ஒளித்து வைத்தது. பெரியம்மா கண்டுபிடித்தார். ஆறு மாதத்தை நாலாகக் குறைத்தால் எத்தனை பெரியப்பாக்கள் முழுசாக முடிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காகத்தான் உலகம் முழுக்க முயற்சி.

2004 வாக்கில் எலியில் ஒரு நல்ல செய்தி வந்தது. ஐசோநயசிட்டை எடுத்துவிட்டு மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் போட்டால் கிருமி வேகமாகத் தீர்கிறது, சிகிச்சைக் காலம் இரண்டு மாதம் வரை குறையலாம். அதை நம்பி ரிமாக்ஸ் என்ற பெரிய சோதனை நடந்தது, 1,931 நோயாளிகள். 2014-ல் முடிவு வந்தது. சளியில் கிருமி வேகமாகக் குறைந்தது உண்மை. ஆனால் நாலு மாதத்தில் நிறுத்தியவர்களில் அதிகம் பேருக்கு நோய் திரும்பி வந்தது. ஆறு மாத சிகிச்சையில் 92 சதவீதம் நல்ல முடிவு, நாலு மாதப் பிரிவுகளில் 85-ம் 80-ம். அதே வருஷம் இதே வகை மருந்தை வைத்து நடந்த இன்னும் இரண்டு சோதனைகளும் நாலு மாதத்தில் தேறவில்லை.

பிறகு காரணம் கொஞ்சம் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்த மனித நுரையீரல் துண்டுகளில் மருந்து எங்கே போகிறது என்று படம் பிடித்துப் பார்த்தார்கள். மாக்ஸிஃப்ளாக்சசின் கட்டியின் ஓரத்தில் உள்ள செல்களில் நன்றாகச் சேர்கிறது, செத்துப்போன நடுப்பகுதிக்குள் சரியாக நுழைவதில்லை. ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் நுழைகின்றன. வழக்கமான எலியில் அந்த நடுப்பகுதியே கிடையாது, அப்புறம் எலி எப்படி எச்சரிக்கும்?

இதனால்தான் இப்போது சி3ஹெச்இபி என்ற வகை எலியையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு நடுப்பகுதி சாகும். முயலுக்குக் குழியே விழும்.

மார்ச் 4, இரவு

மதியம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எலியின் தலையில் மட்டும் பழியைப் போட்டது போல இருக்கிறது. அது நியாயமில்லை. ரிமாக்ஸ் முடிவு வந்த பிறகு அதே மருந்துக் கூட்டுகளை எலியிலேயே திரும்பப் போட்டு, நிறுத்திய பிறகு நோய் திரும்புகிறதா என்று காத்திருந்து பார்த்தபோது, சுமார் ஒரு மாதம்தான் குறைந்தது. அதாவது எலி ஐந்து மாதம் என்றுதான் சொல்லியிருக்கும், மனிதன்தான் நாலு என்று படித்துக்கொண்டான்.

இன்னொரு பக்கமும் உண்டு. பைரசினமைடு இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணமே எலி. சோதனைக் குழாயில், கிருமி வளர்க்கும் சாதாரண ஊடகத்தில், அது டிபி கிருமியை ஒன்றும் செய்யாது. அமிலத்தன்மை இருந்தால்தான் வேலை செய்யும். நிக்கோடினமைடு என்ற வைட்டமின் எலியில் பலன் தருகிறது என்று 1940-களில் தெரிந்ததால், அதன் உறவுக்கார மூலக்கூறுகளை நேராக எலியிலேயே போட்டுப் பார்த்தார்கள், 1952-ல் அது கிடைத்தது. தட்டிலும் குழாயிலும் மட்டும் தேடியிருந்தால் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். பெரியப்பாவுக்கு மூட்டு வலி வந்திருக்காது, டிபியும் ஆறு மாதத்தில் போயிருக்காது. சிப்பை மட்டும் நம்பலாம் என்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

மார்ச் 5

"கினிப்பன்றி பன்றியா எலியா?" இரண்டும் இல்லை, தென் அமெரிக்கக் கொறிவிலங்கு. ஆண்டிஸ் மலைப்பக்கம் வீட்டில் வளர்த்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள். நம்மைப் போலவே அதற்கும் உடம்பில் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, உணவில் கொடுக்கவேண்டும். நாங்கள் குதிரை மசால் போடுவோம். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அறை முழுக்க விசில் அடிக்கும். முகமூடி, மேலங்கி, இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு விண்வெளி வீரன் மாதிரி உள்ளே போனால் "வீக் வீக்" என்று வரவேற்பு. எலி இப்படியெல்லாம் செய்யாது, கடிக்கும்.

மார்ச் 7

விலங்கை மனிதனுக்குப் பதிலாக நிறுத்தாமல், வெறும் கருவியாக வைத்தபோதுதான் எனக்குப் பிடித்த வேலைகள் நடந்திருக்கின்றன. மூன்று சொல்கிறேன்.

ஒன்று, பால்டிமோர், 1950-களின் இரண்டாம் பாதி. டிபி காற்றில் பரவுகிறதா, எச்சில், தூசி, பாத்திரம் வழியாகவா என்பது அன்று தீராத சண்டை. வெல்ஸ், ரைலி என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் ஆறு படுக்கை டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேல்மாடிக்கு இழுத்து, அங்கே கூண்டில் இருந்த கினிப்பன்றிகள் மீது விட்டார்கள். நோயாளியும் விலங்கும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, நடுவில் காற்று மட்டும். மாதாமாதம் தோல் சோதனை. கினிப்பன்றிகளுக்கு டிபி வந்தது. இன்னொரு கூட்டத்துக்கு அதே காற்றைப் புற ஊதா விளக்கு வழியாக அனுப்பினார்கள், அவற்றுக்கு வரவில்லை. சண்டை முடிந்தது. இன்று எந்த மருத்துவமனையிலாவது "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று ஒட்டியிருந்தால் அதற்குப் பின்னால் இந்த விலங்குகள் இருக்கின்றன. பிற்பாடு தென் ஆப்பிரிக்காவில் எமலாஹ்லேனியில் இதே அமைப்பைக் கட்டி, மருந்துக்கு அடங்காத டிபி நோயாளிகள் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போட்ட நாட்களின் காற்றையும் போடாத நாட்களின் காற்றையும் தனித்தனிக் கூட்டத்துக்கு விட்டார்கள். போடாதபோது 90-ல் 69 விலங்குகளுக்குத் தொற்று, போட்டபோது 90-ல் 36. 2012-ல் வந்தது இது. கொரோனா காலத்தில் மாஸ்க் வேலை செய்யுமா என்று நம்மாட்கள் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொண்டபோது எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகம் வந்தன.

இரண்டு, பிலடெல்ஃபியா, 1976 ஜூலை. ஓட்டலில் மாநாட்டுக்கு வந்த முன்னாள் படைவீரர்களுக்கு வரிசையாக நிமோனியா, 29 பேர் சாவு. கிருமி எந்த ஊடகத்திலும் வளரவில்லை. மெக்டேட் என்ற நுண்ணுயிரியலாளர் இறந்தவர்களின் நுரையீரல் திசுவைக் கினிப்பன்றிக்குக் கொடுத்தார், அதற்குக் காய்ச்சல் வந்தது. அதன் மண்ணீரலைக் கோழி முட்டையில் போட்டார், ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் வேறு கிருமி வந்துவிடக் கூடாது என்று முட்டையில் ஆன்டிபயாடிக் சேர்த்திருந்தார், தேடிய கிருமியும் அதிலேயே செத்தது! ஸ்லைடில் ஒன்றிரண்டு குச்சி வடிவக் கிருமி தெரிந்ததை, எங்கிருந்தோ வந்த கலப்படம் என்று முதலில் ஒதுக்கிவிட்டார். கிறிஸ்துமஸ் முடிந்து வருஷம் பிறப்பதற்கு முன் மனசு கேட்காமல் பழைய ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்தார், ஓர் இடத்தில் கொத்தாக இருந்தது. இந்த முறை ஆன்டிபயாடிக் இல்லாத முட்டை. லெஜியோனெல்லா என்ற கிருமி கிடைத்தது. 1977 ஜனவரியில் அறிவித்தார்கள். எந்த ஊடகத்தில் வளரும் என்றே தெரியாத கிருமிக்கு உயிருள்ள விலங்கின் உடம்புதான் ஊடகம். சிப்பில் இது நடக்குமா என்று கேட்டால், எந்த செல்லை வைப்பது என்பதே தெரியாதே.

மூன்றாவது, நிமோனியா தரும் நிமோகாக்கஸ் கிருமி. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்பு, நிமோனியா நோயாளியின் சளியை எலியின் வயிற்றில் ஊசி போடுவார்கள். சளியில் ஆயிரம் கிருமி இருந்தாலும் எலிக்குள் சில மணி நேரத்தில் நிமோகாக்கஸ் மட்டும் மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு பெருகும், அதை வைத்து எந்த வகை என்று பார்த்து அதற்குரிய குதிரை சீரம் (குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பு மருந்து) கொடுப்பார்கள். கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் 1928-ல் செத்த கிருமியையும் சாதுக் கிருமியையும் கலந்து போட்டு எலி செத்ததைப் பார்த்தது இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். டிஎன்ஏதான் மரபுப் பொருள் என்பது பிறகு 1944-ல் அங்கிருந்து கிளைத்தது. (இதே நிமோகாக்கஸை 1881-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஸ்டெர்ன்பெர்க் தன் சொந்த எச்சிலை முயலுக்கு ஊசி போட்டுக் கண்டார். தன் வாயில் கொலைகாரக் கிருமி இருக்கிறது என்று தெரிந்த அன்று அவர் வீட்டில் என்ன பேசினாரோ.)

மார்ச் 8

"அப்படியானால் எல்லா டிபி நோயாளியும் காற்றில் பரப்புவார்கள் என்று ரைலி காட்டிவிட்டாரே, ஒதுக்கி வைக்க வேண்டியதுதானே?" என்று ஒருவர். இல்லை சார், அவர் காட்டியது அதற்கு எதிர்ப்பக்கம். வார்டில் இருந்தவர்களில் மிகச் சிலர்தான் பெரும்பாலான தொற்றுக்குக் காரணம். மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து, அந்த மருந்து அவர்களுடைய கிருமிக்கு வேலை செய்யும் பட்சத்தில், பரவல் வெகுவாகக் குறைந்தது. ஒதுக்கி வைப்பதைப் பற்றி மதராஸிலேயே பதில் இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தவர்களையும் சானடோரியத்தில் (டிபி நோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை) சேர்த்தவர்களையும் ஒப்பிட்டது. குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை, வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக டிபி வரவும் இல்லை. 1959-ல் வெளியானது. அதற்கப்புறம் உலகம் முழுக்க சானடோரியங்கள் மூட ஆரம்பித்தன. இதற்கு விலங்கு எதுவும் தேவைப்படவில்லை, ஏனென்றால் கேள்வி குடும்பத்தைப் பற்றியது.

மார்ச் 10

மதராஸ் என்று வந்துவிட்டது, சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த சக ஊழியர் டீ குடித்துக்கொண்டே சொன்னது, பிறகு நானே தேடிப் படித்தேன்.

அந்த மையத்தில் வேலை நடந்த காலத்தில் மிட்சிசன் என்ற பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளரும் கூட்டாளிகளும் மதராஸ் நோயாளிகளின் கிருமியையும் இங்கிலாந்து நோயாளிகளின் கிருமியையும் கினிப்பன்றிக்கு ஊசி போட்டு, சில வாரம் கழித்து அறுத்து, எந்த உறுப்பில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று மதிப்பெண் போட்டார்கள். இங்கிலாந்துக் கிருமிகள் ஏறக்குறைய எல்லாமே கினிப்பன்றியைக் கடுமையாகத் தாக்கின. மதராஸ் கிருமிகள் அப்படியில்லை. சில கடுமை, சில நடுத்தரம், நிறைய சாது. ஆனால் அவை எல்லாமே நுரையீரல் டிபி முற்றி, சளியில் கிருமி வரும் நிலையில் கிளினிக்குக்கு வந்த மனிதர்களிடமிருந்து எடுத்தவை!

கினிப்பன்றியைப் பொறுத்தவரை சாது, சிந்தாதிரிப்பேட்டைக்காரரைப் பொறுத்தவரை எமன். இதைப் படித்த அன்று எனக்குள் ஏதோ ஆட்டம் கண்டது. ஏனென்றால் நாங்கள் தினமும் பயன்படுத்தியது எச்37ஆர்வி என்ற ஒரே ஆய்வகக் கிருமி, 1905-ல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது. உலகத்தில் பெரும்பாலான ஆய்வகங்களிலும் அதுதான். நம்மூரில் அதிகம் உலவுவது வேறு பரம்பரை, இப்போது லினியேஜ் 1 என்று அழைக்கிறார்கள். விலங்கு மனிதன் மாதிரி இல்லை என்று எல்லோரும் கவலைப்படுகிறோம். அந்த விலங்குக்குள் நாம் விடுகிற கிருமி நம்மூர்க் கிருமி மாதிரி இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

மார்ச் 10, கொஞ்ச நேரம் கழித்து

இதோடு செங்கல்பட்டு பிசிஜி சோதனையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1968-ல் திருவள்ளூர்ப் பக்கம் தொடங்கியது, இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள், உலகத்திலேயே மிகப் பெரிய பிசிஜி சோதனை. பெரியவர்களின் நுரையீரல் டிபியைத் தடுப்பதில் பலன் ஏறக்குறைய பூஜ்யம். இதே பிசிஜி கினிப்பன்றியை நன்றாகவே காப்பாற்றும், கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் டிபியிலிருந்தும் காப்பாற்றும். அப்புறம் ஏன் இங்கே தோற்றது என்பதற்குப் பல விளக்கங்கள். நம்மூர்க் கிருமியின் சாதுத்தனம் ஒன்று. இன்னொன்று, மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் டிபியின் தூரத்து உறவுக் கிருமிகள் நமக்கு ஏற்கெனவே கொஞ்சம் பாதுகாப்பு கொடுத்துவிடுவதால் பிசிஜிக்குக் காட்ட இடமில்லை என்பது. இந்த இரண்டாவதை 1966-லேயே பால்மரும் லாங்கும் கினிப்பன்றியில் காட்டியிருந்தார்கள். அந்த உறவுக் கிருமிகளை முன்பே பெற்ற கினிப்பன்றிக்குப் பிசிஜி போட்டால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான்.

ஆக, விலங்கு எச்சரித்திருக்கிறது. சுத்தமான கூண்டில், சுத்தமான தண்ணீர் குடித்து வளர்ந்த கினிப்பன்றி செங்கல்பட்டு வயல்காட்டில் நடக்கிறவருக்குச் சமமில்லை என்று இன்னொரு கினிப்பன்றிதான் சொன்னது.

மார்ச் 13

குரங்கைப் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், மனிதனுக்கு மிக நெருக்கம் குரங்குதான். நீள்வால் மக்காக் என்ற குரங்குக்குக் குறைந்த அளவு கிருமி கொடுத்தால் ஏறக்குறைய பாதிக்கு நோய் வரும், மீதிக்குக் கிருமி உள்ளே அடங்கி உட்காரும். வேறு எந்த ஆய்வக விலங்கும் இதைச் செய்வதில்லை. பிட்ஸ்பர்க்கில் ஜோஆன் ஃப்ளின் குழு ஸ்கேன் போட்டு ஒவ்வொரு கட்டியாகத் தொடர்ந்து பார்த்ததில், ஒரே குரங்கின் ஒரே நுரையீரலில் ஒரு கட்டி கிருமியை முழுசாகக் கொன்றிருக்கிறது, பக்கத்துக் கட்டி தோற்றுக்கொண்டிருக்கிறது. நோயாளி ஒருவர் என்றால் போர் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அப்படியில்லையாம்.

2020-ல் பிசிஜியைத் தோலில் போடாமல் ரத்தக் குழாயில் ஏற்றினார்கள், பத்துக் குரங்கில் ஒன்பது நன்றாகத் தப்பின, ஆறில் தொற்றின் சுவடே இல்லை. பிரமாதம்தான். ஆனால் ஊரில் குழந்தைக்கு ரத்தக் குழாயில் உயிருள்ள கிருமியை யார் ஏற்றுவார்கள்? அதைப் பார்த்துக் குதிக்காதீர்கள், எந்த எதிர்ப்புச் செல் காப்பாற்றியது என்று தெரிந்துகொள்ளத்தான் அது.

குதிக்காதீர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், எம்விஏ85ஏ என்ற டிபி தடுப்பூசி. விலங்குகளில் நம்பிக்கை தந்தது என்று தென் ஆப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளை வைத்து நடத்தினார்கள், 2013-ல் முடிவு 17 சதவீதப் பாதுகாப்பு, அதுவும் புள்ளியியல்படி ஒன்றுமில்லை என்றே அர்த்தம். பிறகு அந்த விலங்குச் சோதனைகளையே தோண்டிப் பார்த்து, அவை உண்மையில் அவ்வளவு நம்பிக்கை தந்தனவா, சாதகமானதை மட்டும் முன்னால் வைத்தார்களா என்று பெரிய சர்ச்சை ஆனது. எனக்கு இதில் விலங்கின் மேல் கோபமில்லை. அட்டவணையில் எந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுவது என்று கூண்டுக்குள் இருப்பவையா முடிவு செய்தன?

மார்ச் 14

மீன். மறந்துவிட்டேன். நுரையீரலே இல்லாத ஒரு ஜந்து நுரையீரல் நோயைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறது. வரிக்குதிரை மீன் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். அதற்கு டிபியின் நெருங்கிய உறவான மரினம் கிருமி இயற்கையாகவே வரும் (மீன் தொட்டிக்காரர்களுக்குக் கையில் புண் வருமே, அது). லலிதா ராமகிருஷ்ணன் குழு இதில் பார்த்தது என்னவென்றால், கிருமியைச் சிறைபிடிக்கத்தான் கட்டி உருவாகிறது என்று நூறு வருஷமாகச் சொல்லிவந்த இடத்தில், ஆரம்பக் கட்டத்தில் கிருமியே செல்களை வரவழைத்து, வந்தவற்றுக்குள் புகுந்து பெருகுகிறது. எந்த எக்ஸ்ரேயிலும் இது தெரியாது. முதல் நாள் எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னீர்களே, அந்த அளவுகோலில் மீனுக்குக் கடைசி இடம்தான் கிடைத்திருக்கும்.

மார்ச் 18

உங்கள் கேள்வியில் இன்னொரு பாதி மிச்சம் இருக்கிறது, கொல்வது. தள்ளிக்கொண்டே வந்தேன்.

விசில் அடித்து வரவேற்கிற விலங்கைச் சில வாரம் கழித்து அறுத்து, நுரையீரலை எடுத்து அரைத்து, தட்டில் பரப்பி, மூன்று வாரம் காத்திருந்து கிருமிக் கூட்டங்களை எண்ணுவதுதான் வேலை. எடை இவ்வளவு குறைந்தால் அதற்குமேல் துன்பப்பட விடாமல் முடித்துவிடவேண்டும் என்று விதி உண்டு. நெறிமுறைக் குழுவிடம் ஒவ்வொரு விலங்குக்கும் கணக்கு எழுதி அனுமதி வாங்கவேண்டும், ஏன் எட்டு, ஏன் ஆறு போதாது என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். பழகிவிடும் என்று சொன்னார்கள். ஓரளவு பழகியது. எனக்குப் பழகாதது வேறு. சரியாகத் திட்டமிடாத ஒரு சோதனை, ஒப்பிட வேண்டிய கூட்டத்தைச் சரியாக வைக்காமல் ஆரம்பித்தது, முடிவில் எந்தப் பக்கமும் ஒன்றும் சொல்ல முடியாமல் கோப்பை மூடினார்கள். அந்தக் கூட்டம் முழுக்கச் செத்தது எதற்கும் இல்லை. யாரும் வெளியிடவும் இல்லை, அதனால் இன்னொரு ஊரில் இன்னொருவர் அதையே திரும்பச் செய்திருக்கலாம். நீங்கள் கோபப்படுவதானால் அதற்குக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

சிப் விஷயம். 2022 கடைசியில் அமெரிக்கா மனிதச் சோதனைக்கு முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற சட்ட வாசகத்தைத் தளர்த்தியது, 2023-ல் இந்தியாவும் புது மருந்து விதிகளில் செல், சிப் முறைகளுக்கு இடம் கொடுத்தது. நல்லதுதான். மருந்து கல்லீரலைக் கெடுக்குமா என்பது போன்ற கேள்விகளுக்குச் சிப் எலியைவிட நல்ல பதில் தரலாம், நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் சிகிச்சையை நிறுத்தி மூன்று மாதம் கழித்து நோய் திரும்புமா என்று சிப்பிடம் கேட்க முடியாது. டிபியில் அந்தக் கேள்விதான் பெரியப்பாவைப் பாதிக்கிற கேள்வி.

மார்ச் 19

ரிமாக்ஸோடு நாலு மாதக் கனவு போய்விட்டதா என்று கேட்டவருக்கு: போகவில்லை. ரிஃபாம்பிசினின் உறவு மருந்தான ரிஃபாபென்டினைத் தினமும் கொடுத்தால் எலியில் அசத்தியது, கினிப்பன்றியில் ரிஃபாம்பிசினைவிட மேலில்லை என்று வந்தது. எதை நம்புவது? 2021-ல் 2,516 பேரை வைத்து நடந்த சோதனையில், ரிஃபாபென்டினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் சேர்ந்த நாலு மாதக் கூட்டு ஆறு மாதத்துக்குச் சமமாக நின்றது. இந்தத் தடவை எலி ஜெயித்தது. மாக்ஸிஃப்ளாக்சசின் இல்லாமல் ரிஃபாபென்டினை மட்டும் மாற்றிப் போட்ட நாலு மாதப் பிரிவு தேறவில்லை, அதனால் கினிப்பன்றி சொன்னதையும் தூக்கிப்போட மாட்டேன்.

மார்ச் 22

எம்எஸ்சி படிக்கிற தம்பி தனிச்செய்தியில் கேட்டிருந்தார், மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன். "ப்ராஜெக்டுக்கு எந்த விலங்கை மாதிரியாக எடுக்கலாம்?" முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுது. அந்த வரியில் "குணமாகுமா" என்று இருந்தால் ஆறு மாத ப்ராஜெக்டில் அது முடியாது, விட்டுவிடு. "கிருமி இந்த மருந்தில் சாகிறதா" என்றால் உனக்கு விலங்கே வேண்டாம், மேக்ரோஃபேஜ் (கிருமியை விழுங்கும் எதிர்ப்புச் செல்) போதும். பிஎஸ்எல்-3 (ஆபத்தான கிருமிகளுக்கான உயர் பாதுகாப்பு ஆய்வகம்) வசதி இல்லாத கல்லூரியில் எச்37ஆர்வியைத் தொடவே தொடாதே, வழிகாட்டி பரவாயில்லை என்று சொன்னாலும் தொடாதே. எச்37ஆர்ஏ எடு. அதே பழைய நோயாளிக் கிருமியிலிருந்து 1930-களில் பிரிந்த கிளை, கினிப்பன்றிக்கு நோய் தராதது என்று பார்த்துப் பிரித்தது, பிஎஸ்எல்-2 போதும். அதற்கும் அனுமதிக் கடிதத்தை முதல் வாரமே போட்டுவிடு, குழு கூடுவதற்கு எப்படியும் தாமதமாகும்.